கடன் தீர்ந்தும் பெயர் தெளியவில்லையா? தென்னாப்பிரிக்காவில் நாம் செய்யும் தவறுகள்

கடைசித் தவணையைக் கட்டியவுடன் கடைக்கும் உங்களுக்கும் இருந்த கணக்கு முடிகிறது. யார் எவ்வளவு கடன் வாங்கினார், எப்படிக் கட்டினார் என்று பதிவு வைத்திருக்கும் கிரெடிட் பீரோவில் அது முடிவதில்லை. அங்கே உங்கள் பெயருக்கு எதிரே ‘வசூலுக்கு அனுப்பப்பட்டது’, ‘சட்ட நடவடிக்கை’, ‘தீர்ப்பு’ என்று ஏறிய குறிப்புகளை யாராவது எடுத்தால்தான், அல்லது அவற்றின் காலம் முடிந்தால்தான் அவை போகும். யார் எடுக்க வேண்டும், எத்தனை நாளில், எந்தக் காகிதத்தைக் காட்டி என்பது தெரியாமல், நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் லெனேசியாவிலும் கடனை ஒழுங்காக அடைத்தவர்கள்கூட ஒரு கைப்பேசி ஒப்பந்தத்துக்குக் கெஞ்சுகிறார்கள். கடனை அடைத்தது ஒரு வேலை. பதிவைத் துலக்குவது இன்னொரு வேலை. இரண்டாவதற்குக் காசு தேவையில்லை. ஆனால் நீங்களே பின்தொடர வேண்டும்.

முதலில், சட்டம் தானாக வேலை செய்துவிடும் என்று சும்மா இருக்கும் தவறு. 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டத்தில் 71ஏ என்ற பிரிவு, 2014ஆம் ஆண்டின் திருத்தத்தால் சேர்க்கப்பட்டு, 2015 மார்ச் 13 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடன் ஒப்பந்தத்தின்படியான பாக்கி தீர்ந்த ஏழு நாட்களுக்குள் கடன் கொடுத்தவர் பீரோக்களுக்குத் தெரிவிக்க வேண்டும்; தகவல் கிடைத்த ஏழு நாட்களுக்குள் பீரோ பாதகமான குறிப்புகளை நீக்க வேண்டும். தீர்ப்பாகிவிட்ட கடனுக்கும் இது பொருந்தும். நல்ல சட்டம்தான். ஆனால் முதல் ஏழு நாட்களின் வேலை யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்: பணம் வாங்கி முடித்த நிறுவனத்தின் கையில். உங்கள் பெயர் சுத்தமாவதால் அதற்கு இனி எந்த லாபமும் இல்லை.

அதனால்தான் பெய்ட்-அப் கடிதம், அதாவது கடன் முழுதும் தீர்ந்தது என்று நிறுவனம் தரும் கடிதம், அவ்வளவு முக்கியமாகிறது. வங்கியில் பணம் அனுப்பிய ரசீது அதற்கு ஈடாகாது. நீங்கள் ஒரு தொகை அனுப்பினீர்கள் என்பதைத்தான் அது காட்டும், கணக்கு தீர்ந்தது என்பதைக் காட்டாது. கடனை முடிப்பதற்கு முன் நிறுவனம் அனுப்பும் ‘இவ்வளவு கட்டினால் முடியும்’ என்ற கணக்குத் தாளும் ஈடாகாது. அந்தத் தாளைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. கேட்ட ஐந்து வேலை நாட்களுக்குள் அவர்கள் தர வேண்டும். ஆனால் அது கட்டுவதற்கு முந்தைய காகிதம். கட்டிய பிறகு வர வேண்டிய கடிதத்தில் நிறுவனத்தின் தலைப்பு, உங்கள் முழுப்பெயர், அடையாள எண், கணக்கு எண், கட்டி முடித்த தேதி, பாக்கி பூஜ்யம் என்ற வாசகம் எல்லாம் இருக்க வேண்டும். கணக்கு எண் விடுபட்ட கடிதத்தைப் பீரோ திருப்பி அனுப்பினால் தவறு பீரோவின் மேல் இல்லை.

கடன் கைமாறியிருந்தால் சிக்கல் கூடும். துணிக்கடைக் கணக்குகளில் இது சாதாரணம்: கடை பழைய கடன்களை மொத்தமாக ஒரு வசூல் நிறுவனத்துக்கு விற்றுவிடும். பீரோ தரும் உங்கள் கடன் அறிக்கையில் அதே கடன் கடையின் பெயரில் ஒரு வரியாகவும் வாங்கியவரின் பெயரில் இன்னொரு வரியாகவும் நிற்கலாம். கடிதம் தர வேண்டியவர் இப்போது கடனுக்குச் சொந்தக்காரர். ஆனால் பழைய வரியும் தீர்ந்ததாகக் காட்டப்பட வேண்டும் என்று பீரோவிடம் தனியாகச் சொல்லுங்கள். ஒரு வரி போனதைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள்.

தள்ளுபடிக்கு முடிப்பவர்கள் இன்னும் ஒரு படி எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ‘பாதி கட்டுங்கள், முடித்துவிடுகிறோம்’ என்று தொலைபேசியில் சொல்வது ஒப்பந்தமாகாது. அந்தத் தொகை முழுமையான, இறுதியான தீர்வு என்று எழுத்தில் வந்த பிறகே பணத்தை அனுப்புங்கள். இல்லாவிட்டால் மீதிப் பாதி பாக்கியாகவே நின்று, நாளைக்கு வேறொரு வசூல்காரரின் கைக்குப் போகும்.

கடை அட்டைகளில் ஒளிந்திருக்கும் சின்ன மிச்சங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடன் தொகையைக் கட்டிவிட்டோம் என்று நினைப்போம்; ஆனால் கணக்கை மூடச் சொல்லியிருக்க மாட்டோம். மாதாமாதம் காப்பீட்டுக் கட்டணமும் கிளப் சந்தாவும் ஏறிக்கொண்டே இருக்கும். நாற்பது ராண்ட் பாக்கியாகி, அது மூன்று மாதம் தவறி, புதிதாக ஒரு கெட்ட குறிப்பு ஏறியிருக்கும். கட்டினால் மட்டும் போதாது. கணக்கை மூடு என்று எழுத்தில் கேளுங்கள், காப்பீட்டையும் சந்தாவையும் பெயர் சொல்லி நிறுத்துங்கள். சம்பளத்திலிருந்து நீதிமன்ற உத்தரவின்படி பிடித்தம் நடந்திருந்தால் அதையும் பாருங்கள். சம்பளப் பிரிவு தானாக நிறுத்தாது. கடிதத்தின் நகலை அவர்களிடமும் கொடுக்க வேண்டும்.

ஒரு பீரோவை மட்டும் பார்ப்பது

டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன், எக்ஸ்டிஎஸ், வெரிகிரெட் என்று பல பீரோக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். கைப்பேசிச் செயலி காட்டும் கடன் மதிப்பெண் ஒரு பீரோவின் தகவலிலிருந்து வந்ததாக இருக்கும். அங்கே பச்சை நிறம் தெரிவதால் வங்கி பார்க்கும் வேறொரு பீரோவிலும் சுத்தம் என்று எண்ணிவிடக்கூடாது. நான்கையும் வாங்கி அருகருகே வைத்துப் படியுங்கள்.

படிக்கும்போது நம்மவர்களுக்கென்றே ஒரு கவனம் தேவை. டர்பன் பகுதியில் எத்தனை கோவிந்தர், எத்தனை நாயுடு, எத்தனை பிள்ளை, எத்தனை மூட்லி! முதலெழுத்தும் ஒன்றாக, தெருவும் பக்கத்தில் இருந்துவிட்டால், கடன் வாங்கியவரைத் தேடிப் பிடிக்கும் முகவர் வேறொருவரைப் பிடிப்பது நடக்கக்கூடியதே. ஒரே பெயரை ஒரு கடையில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் எழுதியிருப்பார்கள். தந்தையின் பெயரே மகனுக்கும் என்றால் கேட்கவே வேண்டாம். எனவே பெயரை நம்பாமல் பதின்மூன்று இலக்க அடையாள எண்ணைப் பாருங்கள்; முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத கணக்கு இருந்தால், அதைக் கட்டித் தொலைத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கட்டினால் அது உங்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வேலைக்கு வந்து பாஸ்போர்ட் எண்ணில் கணக்குத் திறந்தவர்களுக்கு வேறு பிரச்சினை. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் எண் மாறும். பழைய எண்ணில் ஒரு கோப்பும் புதிய எண்ணில் இன்னொரு கோப்பும் இருக்கலாம். தீர்த்த கடன் பழையதில் கெட்ட பெயரோடு கிடக்கும். இரண்டு எண்களையும் சொல்லித் தேடச் சொல்லுங்கள்.

மச்சானின் வியாபாரத்துக்குப் பிணைக் கையெழுத்துப் போட்டவர்களும் தங்கள் அறிக்கையை ஒரு தடவை பார்ப்பது நல்லது. குடும்பத்தில் இதைப் பற்றி வாய் திறக்கத் தயங்குவார்கள் என்பது தெரியும். அறிக்கை தயங்காது.

தீர்ப்பை எடுக்க வக்கீலிடம் ஓடுவது

எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் செலவு இது. தீர்ப்பு ஒன்று ஐந்து ஆண்டுகள் வரை பீரோவில் இருக்கலாம். முன்பெல்லாம் கடனைக் கட்டிய பிறகும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப் போட்டு அதை ரத்து செய்தால்தான் பெயர் தெளியும். ஆயிரக்கணக்கான ராண்ட் செலவாகும். இன்று, கடன் ஒப்பந்தத்தில் பிறந்த கடன் என்றால், கட்டி முடித்ததற்கான கடிதத்தைப் பீரோவிடம் கொடுத்தாலே குறிப்பை நீக்க வேண்டும். நீதிமன்றக் கோப்பில் தீர்ப்பு இருக்கும், பீரோவில் இருக்கக்கூடாது. இதைச் சொல்லாமல் ரத்து மனுவுக்குப் பணம் வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தீர்ப்பு வந்ததே தெரியாமல், அழைப்பாணை கைக்கு வராமல், உங்கள் கடனே அல்லாத ஒன்றுக்குத் தீர்ப்பாகியிருந்தால் விஷயம் வேறு. அங்கே ரத்து மனு தேவை, வக்கீலும் தேவைப்படலாம். அடுக்குமாடிப் பராமரிப்புக் கட்டணம், வாடகை போன்றவை கடன் ஒப்பந்தத்தில் சேராதவை என்பதால் அவற்றுக்கும் இந்த எளிய வழி பொருந்தாமல் போகலாம்.

பழைய கடனைத் தொடுவது

சாதாரணக் கடன் மூன்று ஆண்டுகளில் காலாவதியாகும். அந்த மூன்று ஆண்டுகளில் நீங்கள் ஒரு பைசாவும் கட்டியிருக்கக்கூடாது, கடனை ஒப்புக்கொண்டிருக்கக்கூடாது, அழைப்பாணையும் வந்திருக்கக்கூடாது. வீட்டுக் கடனுக்கும் தீர்ப்பான கடனுக்கும் முப்பது ஆண்டுகள். 2015ஆம் ஆண்டு முதல், காலாவதியான கடனை விற்பதையும் வசூலிப்பதையும் தேசியக் கடன் சட்டம் தடுக்கிறது. இருந்தும், ‘நூறு ராண்ட் மட்டும் போடுங்கள், உங்கள் பெயரைச் சுத்தம் செய்கிறோம்’ என்று அழைப்பு வரும். மூன்று ஆண்டு முழுதாக முடியாத நிலையில் போடும் அந்த நூறு ராண்ட், கால எண்ணிக்கையை மீண்டும் முதலிலிருந்து தொடங்கிவைக்கும். முடிந்துபோன கடனாக இருந்தால், நீங்கள் கட்ட வேண்டியதே இல்லாததைக் கட்டுகிறீர்கள். தவிரவும், ‘தவறினார்’, ‘வசூலுக்குப் போனது’ போன்ற குறிப்புகளின் ஆயுளே ஓராண்டுதான். ஐந்தாறு வருடப் பழைய கடனில் அவை ஏற்கெனவே போயிருக்க வேண்டும். வாங்கியதைத் திருப்பித் தராமல் இருப்பது பாவம் என்று நினைப்பவர் கட்டட்டும், அது அவர் மனசாட்சி. அறிக்கைக்காக என்று நினைத்துக் கட்ட வேண்டாம்.

டெப்ட் ரிவ்யூவில், அதாவது கடன் ஆலோசகர் மூலம் தவணைகளை மாற்றியமைத்துக் கட்டும் ஏற்பாட்டில், இருந்தவர்களுக்கு ஒரு காகிதம் மட்டும்: கடன் ஆலோசகர் தரும் படிவம் 19, அதாவது தீர்வுச் சான்றிதழ். மற்றக் கடன்கள் தீர்ந்து, வீட்டுக் கடன் பாக்கியில்லாமல் ஓடிக்கொண்டிருந்தாலே அதைப் பெறலாம். வீட்டுக் கடன் முழுதும் தீரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆலோசகர் தொழிலை விட்டுவிட்டார், தொலைபேசியை எடுப்பதில்லை என்றால், மிட்ராண்டில் இருக்கும் தேசியக் கடன் ஒழுங்குமுறை ஆணையத்தைக் கேளுங்கள். நீதிமன்ற உத்தரவான பிறகு பாதியில் வெளியே எடுத்துவிடுகிறோம் என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் செய்பவரிடம் போகாதீர்கள்.

அப்படிப்பட்டவர்களின் மொத்தத் தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பணம் வாங்கிக்கொண்டு பெயரைத் துலக்கித் தருகிறவர் செய்வது, நீங்களே இலவசமாக அனுப்பக்கூடிய ஒரு மின்னஞ்சலை அனுப்புவது. உண்மையான, காலம் முடியாத தகவலை யாராலும் அழிக்க முடியாது. அடையாள அட்டையின் நகலும் சம்பளச் சீட்டும் வங்கி விவரமும் முகம் தெரியாதவர் கையில் போவதுதான் பெரிய ஆபத்து. ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையான எஸ்ஏஎஃப்பிஎஸ்ஸில் பாதுகாப்புப் பதிவை இலவசமாகச் செய்துகொள்ளலாம்.

சரியான வழி சலிப்பானது, ஆனால் குறுகியது. கடிதம், அடையாள அட்டை நகல், எந்த வரி தவறு என்ற விவரம் மூன்றையும் வைத்து ஒவ்வொரு பீரோவிலும் மறுப்புப் பதிவு செய்யுங்கள். அந்த மறுப்புக்கான குறிப்பு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். விசாரிக்க அவர்களுக்கு இருபது வேலை நாட்கள். கடன் கொடுத்தவர் நம்பத்தக்க ஆதாரம் தராவிட்டால் குறிப்பை நீக்க வேண்டும். நீக்க மறுத்தால் தேசிய நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கடன், வங்கி, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்கள் 2024 மார்ச்சில் இணைந்து உருவான அமைப்பு அது, கட்டணம் இல்லை.

குறிப்பு நீங்கிய மறுவாரமே நாலைந்து வங்கிகளில் ஒரே நேரத்தில் கடன் கேட்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் விசாரணையாகப் பதிவாகி ஓராண்டு இருக்கும்; தவிப்பில் இருப்பவர் என்று அது காட்டிக்கொடுக்கும். மதிப்பெண் ஒரே நாளில் எகிறாது, ஏனென்றால் மாதாமாதம் கட்டிய வரலாறு ஐந்து ஆண்டுகள் வரை கண்ணில் படும். பயந்துபோய் எல்லாக் கணக்குகளையும் மூடிவிடுவதும் உதவாது. நன்றாக ஓடும் ஒரு சிறு கணக்காவது இருந்தால்தான் நல்ல வரலாறு சேரும்.

மறுப்பில் வென்ற பிறகு, வருடாந்தர அறிக்கையைத் தவிர இன்னொரு அறிக்கையையும் இலவசமாகக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. அதை உடனே கேட்காமல் இரண்டு மாதம் பொறுத்துக் கேளுங்கள். கடன் கொடுத்தவர்கள் மாதந்தோறும் தகவல் கோப்புகளைப் பீரோக்களுக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் பக்கத்தில் திருத்தப்படாவிட்டால், பீரோவில் நீக்கிய அதே வரி அடுத்த கோப்போடு திரும்ப ஏறிவிடும். ஏறியிருந்தால் பழைய குறிப்பு எண்ணோடு அதே கடிதத்தை மறுபடி அனுப்புங்கள். இம்முறை நகல் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கும் போகட்டும்.