எபாக்சி மறுபூச்சு: உப்புத்தாளுக்கு முன்னால் தண்ணீர்

ரெசின் என்ற பிசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் கலந்தால் கிடைக்கும் பூச்சு எபாக்சி. அதை மரப்படகுக்குப் பூசிவிட்டு மறுநாள் கை வைத்துப் பார்த்தால், மெழுகு தேய்த்தாற்போல் வழவழவென்று இருக்கும். பிளஷ் என்பது இதுதான். ஹார்டனரில் இருக்கும் அமீன் என்ற வேதிப்பொருள், காற்றிலுள்ள ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் வினைபுரிந்து மேலே பிசுக்காகப் படிகிறது. குளிர்ந்த, ஈரமான நாளில் அதிகம் வரும். பல சமயம் கண்ணுக்கே தெரியாது. எனவே, இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

பலரும் நேராக உப்புத்தாளை எடுப்பார்கள். கெடுவது அங்கேதான். தாள் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். பிசுக்கு போகாமல் கீறல்களுக்குள் ஏறிவிடும். அடுத்த கோட் அதன்மேல் குழிகுழியாக விலகி நிற்கும், அல்லது பின்னால் ஏடு ஏடாக உரியும்.

அசிட்டோனும் தின்னரும் இதற்குத் தீர்வல்ல. பிளஷ் தண்ணீரில் கரைவது. தின்னர் நனைத்த துணி அதை இங்கிருந்து அங்கே இழுகிவிடும், அவ்வளவுதான்.

எபாக்சி நன்றாக இறுகியபின் ஒரு வாளி சுத்தமான தண்ணீரும் ஸ்காட்ச் பிரைட் நாரும் போதும், சோப்பு வேண்டாம். சிறுசிறு பகுதியாகத் தேய்த்து, ஈரம் காய்வதற்குள் சாயமில்லாத வெள்ளைக் காகிதத் துண்டால் ஒற்றி எடுத்துவிடுங்கள். தானாகக் காயவிட்டால் கரைந்தது அதே இடத்தில் திரும்பப் படியும். வாளித் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். கடைசியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: ஒரே படலமாகப் பரவினால் சரி, முத்து முத்தாகத் திரண்டால் இன்னொரு முறை கழுவ வேண்டும்.

நன்றாகக் காய்ந்ததும் 80 நம்பர் உப்புத்தாள். மேற்பரப்பு முழுவதும் மங்கலாக வேண்டும். பள்ளத்தில் மிஞ்சும் சின்னப் பளபளப்பிலும் அடுத்த கோட் பிடிக்காது. அரைகுறையாக இறுகிய எபாக்சித் தூள் தோலுக்கும் நுரையீரலுக்கும் ஆகாது, முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள்.

இத்தனை பாடும் வேண்டாம் என்றால் ஒரே நாளில் அடுத்தடுத்த கோட்டைப் பூசி முடிப்பதுதான் வழி. முந்தைய கோட்டில் நகத்தை அழுத்தினால் தடம் விழ வேண்டும், ஆனால் விரலில் ஒட்டி வரக் கூடாது. அந்தப் பதத்தில் பூசினால் இரண்டு கோட்டும் வேதிவினையால் ஒன்றாகிவிடும், தேய்க்கத் தேவையில்லை. கடிகாரத்தை நம்பாதீர்கள், ஹார்டனரையும் வெப்பத்தையும் பொறுத்து நேரம் மாறும்.

சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டுவது பெரிய அபத்தம். வெஸ்ட் சிஸ்டம் என்ற பிராண்டின் 105 ரெசினுக்கு 205 ஹார்டனர் என்றால் கொள்ளளவில் 5க்கு 1, அதோடு சரி. மிஞ்சும் அமீன் பூச்சை மென்மையாக்கும், பிளஷையும் கூட்டும். மூடிய கொட்டகைக்குள் மண்ணெண்ணெய் ஹீட்டர் வைப்பதும் அப்படித்தான்: எரியும்போது அது வெளிவிடுவதே கார்பன் டை ஆக்சைடும் நீராவியும்.

எபாக்சி வெயிலைத் தாங்காது என்பதால் மேலே வார்னிஷோ பெயின்ட்டோ கட்டாயம். பிளஷ் மிஞ்சியிருந்தால் சாதாரண வார்னிஷ் நாள்கணக்கில் காயாமல் பிசுபிசுக்கும். வெளியே தெரியாத ஒரு மூலையில் முதலில் ஒரு இழுப்பு பூசிப் பார்த்துக்கொள்ளுங்கள்.