வழுக்கைக்கு மின்தூண்டல் கருவி: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்வகை வழுக்கைக்குத் தலையில் அணியும் மின்தூண்டல் கருவிகள் மீதான எதிர்பார்ப்பு 2019-இல் பெருகியது. அவ்வாண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகக் குழுவொன்று, உடல் அசைவிலிருந்தே மெல்லிய மின்துடிப்புகளை உண்டாக்கும், பேட்டரி தேவைப்படாத கருவி முடி வளர்ச்சியைத் தூண்டியதாக அறிவித்தது. அந்த முடி வளர்ந்தது எலிகளின் தோலில் என்பதை மறந்துவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. மழிக்கப்பட்ட எலியின் தோல் வேறு. டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனால் ஆண்டுக்கணக்கில் சிறுத்துவரும் மனித மயிர்க்கால் வேறு.

மனிதர்களிடமும் சோதனை நடந்திருக்கிறது. கனடாவில் நடத்தப்பட்டு 1990-இல் வெளியான 36 வார ஆய்வில், மின்புலச் சிகிச்சை பெற்ற ஆண்களின் முடி எண்ணிக்கை சராசரியாக 66.1 விழுக்காடு கூடியது. விளம்பரத்துக்கு உகந்த எண் இதுதான். ஆனால், சிகிச்சை பெறாத ஒப்பீட்டுக் குழுவிலும் 25.6 விழுக்காடு கூடியிருந்தது என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். மின்சாரமே படாத தலையிலும் இவ்வளவு வேறுபாடு தெரியுமென்றால், ஒருவரின் 'முன்-பின்' படங்களை மட்டும் நம்பிப் பணம் கட்டுவது எத்தகைய முடிவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மேலும், அந்த ஆய்வில் பயன்பட்டது மருத்துவமனைக் கருவி. இன்று விற்கப்படும் தொப்பிகளுக்கு அதன் முடிவு தானாகப் பொருந்திவிடாது. லேசர் ஒளியைப் பாய்ச்சும் தொப்பிகளையும் இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வோர் உண்டு. அவற்றின் சான்றுகள் தனி.

எல்லாவற்றிலும் இழப்பு மிகுந்த தவறு, பலன் தந்துகொண்டிருக்கும் மினாக்சிடிலையோ ஃபினாஸ்டெரைடையோ நிறுத்திவிட்டுக் கருவிக்கு மாறுவதாகும். அம்மருந்துகளால் காக்கப்பட்ட முடி, நிறுத்திய சில மாதங்களிலிருந்தே உதிரத் தொடங்கிவிடும். முடி வளர்ந்து உதிர்ந்து மீண்டும் முளைக்கும் சுழற்சி மெதுவானது என்பதால் புதிய கருவி உதவுகிறதா என்று அறிவதற்கே ஆறு மாதமாவது ஆகும். இதற்கிடையில் சிறுத்துப்போகும் மயிர்க்கால்களை முழுமையாக மீட்பது கடினம்.

உதிர்வுக்குக் காரணம் இரும்புச்சத்துக் குறைவோ, தைராய்டு கோளாறோ, புழுவெட்டோ ஆகவும் இருக்கலாம் என்பதால், தோல் மருத்துவரின் பரிசோதனைக்கு முன்பே கருவி வாங்குவதும் வீண். பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் வலிப்பு நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றை அணியவே கூடாது. வேறு பயன்பாட்டுக்கான மின்தூண்டல் கருவியின் மின்முனைகளைத் தலையில் ஒட்டிப் பார்ப்பது யாருக்குமே ஆபத்து.