பழைய குட்டி ஜெட்டா? லாக்புக்கில் தொடங்குங்கள்

சங்ககிரியில் பழைய லாரி வாங்கப் போகிறவர் பெயின்ட்டைப் பார்த்து மயங்க மாட்டார். நேராகக் குனிந்து சேஸிஸைத்தான் பார்ப்பார். செகண்ட் ஹேண்ட் குட்டி ஜெட் விமானத்துக்கும் அதே புத்திதான் வேண்டும். பளபளக்கும் தோல் சீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் லாக்புக், அதாவது விமானம் பறந்த மணியும் செய்த பராமரிப்பும் எழுதிவைக்கும் பதிவேடு. முதல் நாளிலிருந்து இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு புத்தகம் தொலைந்திருந்தாலும் விலையை இறக்கிக் கேளுங்கள். செஸ்னா சைட்டேஷன் மஸ்டாங்கையே எடுத்துக்கொள்வோம். 2017-இல் உற்பத்தி நின்றுவிட்டது, ஆக எல்லாமே பழசுதான். அதன் இரண்டு இன்ஜின்களுக்கும் 3,500 மணி நேரத்தில் ஓவர்ஹால். பாதி வழியில், 1,750-இல், இன்ஜினின் சூடேறும் உட்பகுதியைப் பார்க்கும் ஹாட் செக்‌ஷன் சோதனை. 3,300 மணி ஓடியது கைக்கு வந்தால் பெரிய செலவு உங்கள் தலையில். விற்பவர் பறந்த மணிக்கு இவ்வளவு என்று இன்ஜின் திட்டத்தில் பணம் கட்டி வந்திருந்தால், அது உங்கள் பெயருக்கு மாறுமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

“ரொம்பக் கம்மியாதான் பறந்திருக்கு சார்” என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். சும்மா நின்றால் சீல் காயும், அரிப்பு பிடிக்கும். கடலோரம் என்றால் இன்னும் மோசம்.

வாங்குமுன் சோதனையை, விற்பவரின் வழக்கமான பட்டறையில் வைக்காதீர்கள். போர்ஸ்கோப் என்னும் மெல்லிய குழாய்க் கேமராவை இன்ஜினுக்குள் விட்டு டர்பைன் பிளேடு நுனிகளைப் படமெடுக்கச் சொல்லுங்கள்.

சரி, காமலாபுரத்தில் இருக்கும் நம் சேலம் விமான நிலைய ஓடுபாதை? சுமார் 6,000 அடி, தாராளம். ஆனால் விளம்பரத்தாளில் இருக்கும் டேக்-ஆஃப் தூரம் கடல் மட்டத்தில், 15 டிகிரியில் போட்ட கணக்கு. சேலத்துச் சித்திரை வெயிலுக்குத் தனியாகக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.