உங்கள் நாயின் உடம்பைக் கையால் தொட்டு அறிவது எப்படி?

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போகிறவர்கள், முற்றத்தில் கொழுகொழு என்று படுத்திருக்கும் நாயைக் கண்டால் நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் என்று பாராட்டாமல் போவதில்லை. விலா எலும்பு கொஞ்சம் தெரிந்துவிட்டால் சோறு வைப்பதில்லையா என்று கேட்பார்கள். எங்கள் ஜிம்மி அந்தப் பாராட்டைக் கேட்டே வளர்ந்தவன். லாப்ரடோருக்கும் ஊர் நாய்க்கும் பிறந்தவன். ஐந்து வயதில் 34 கிலோ. அப்பா காலைத் தேநீரோடு பிஸ்கட் கொடுப்பார். அம்மா மிஞ்சிய புட்டைத் தேங்காய்ப்பூவோடு வைப்பார். அம்மம்மா பின்னேரம் மீன் தலை அவித்துப் போடுவார். ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரியாது.

விசர் நோய்த் தடுப்பூசிக்குக் கொண்டுபோன அன்று, மிருக வைத்தியர் ஊசியை எடுக்கும் முன் என் கையைப் பிடித்து ஜிம்மியின் நெஞ்சுப் பக்கத்தில் வைத்து, எலும்புகளை எண்ணச் சொன்னார். நாய்க்குப் பக்கத்துக்கு 13 விலா எலும்புகள். எனக்கு ஒன்றுகூட அகப்படவில்லை. மெத்தையைத் தடவுவது போல இருந்தது. அவர் அன்று காட்டித் தந்த முறையைத்தான், முதன்முதலாக நாய் வளர்ப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

இதில் நான் இவ்வளவு அழுத்தமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 48 லாப்ரடோர் நாய்களைச் சோடி சோடியாகப் பிரித்து, ஒவ்வொரு சோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 வீதம் குறைவான உணவு கொடுத்து, ஆயுள் முழுவதும் கவனித்தார்கள். 2002இல் முடிவு வெளியானது. அளவாகத் தின்ற நாய்களின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2. மூட்டு வாதமும் அளவாகத் தின்றவற்றுக்குப் பிந்தியே வந்தது. ஒரு நாயின் வாழ்நாளில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் என்பது சிறிய காலமல்ல.

தொடங்கும் முன்

காலையில், சாப்பாடு வைப்பதற்கு முன் பாருங்கள். வயிறு நிரம்பியிருந்தால் பக்கவாட்டுத் தோற்றம் ஏமாற்றும். நாய் நான்கு காலிலும் நேராக, சமதரையில் நிற்க வேண்டும். அதற்கு நன்கு பழகிய ஒருவர் தலைப்பக்கம் நின்று பேச்சுக் கொடுக்கட்டும். தொட்டதும் உறுமினால் வற்புறுத்த வேண்டாம். வழக்கமாகத் தொடவிடும் நாய் ஓரிடத்தில் மட்டும் உறுமினால், அங்கே வலி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: விலா எலும்பு

கண்ணால் பார்ப்பதை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். அல்சேஷன், பொமரேனியன் போன்ற அடர்ந்த உரோமமுள்ள நாய்களில் மெலிவையும் கொழுப்பையும் உரோமம் மூடிவிடும். கையை அப்படி ஏமாற்ற முடியாது.

நாயின் பின்புறமாக நின்று, இரு கைகளின் பெருவிரல்களையும் முதுகெலும்பின் மேல் வைத்து, மற்ற விரல்களை இரு பக்க விலாவிலும் விரித்து வையுங்கள். அழுத்தாமல் முன்னும் பின்னும் தடவுங்கள். இப்போது உணர்ந்ததை உங்கள் கையோடு ஒப்பிடுங்கள். இடது கையைப் பொத்திப் பிடித்து, விரல் மொளிகளின் மேல் வலது கை விரலால் தடவுங்கள். விலா அப்படிக் கூர்மையாக முட்டினால் நாய் மெலிந்திருக்கிறது. அடுத்ததாகக் கையை விரித்து, புறங்கையைத் தடவுங்கள். மெல்லிய தோலின் கீழ் எலும்பு ஒவ்வொன்றாகத் தெரியும். அதுதான் சரியான அளவு. கடைசியாகக் கையைத் திருப்பி, உள்ளங்கையில் விரல்கள் தொடங்கும் சதைப்பற்றான இடத்தைத் தடவுங்கள். விலாவும் அப்படி இருந்தால், அழுத்தித் தேடித்தான் எலும்பைக் காண முடிகிறது என்றால், நாய்க்குக் கொழுப்பு மிஞ்சிவிட்டது.

படி 2: மேலிருந்தும் பக்கத்திலிருந்தும்

நாய்க்கு நேர் மேலே நின்று குனிந்து பாருங்கள். விலா முடிந்ததும் இடுப்பு உள்வாங்கி, பின் தொடைப் பக்கம் மறுபடி விரிய வேண்டும். நெஞ்சிலிருந்து வால் வரை ஒரே அகலமாக இருந்தால் கொழுப்பு. பிறகு நாயின் உயரத்துக்குக் குந்தியிருந்து பக்கத்தில் பாருங்கள். நெஞ்சு முடிகிற இடத்திலிருந்து அடிவயிறு பின்னங்கால் நோக்கி மேலே ஏற வேண்டும். வால் தொடங்கும் இடத்தையும் கழுத்தையும் பிடித்துப் பாருங்கள். அங்கே திரளையாகக் கொழுப்பு கையில் அகப்பட்டால் நிலைமை முற்றிவிட்டது.

சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்களுக்கு இயல்பிலேயே இடுப்பு மிக ஒடுங்கியிருக்கும். கடைசி விலா எலும்புகள் சற்றுத் தெரிவது அவற்றுக்குக் குறையல்ல. சினைப்பட்ட நாயையும் பால் கொடுக்கும் தாயையும் இந்தக் கணக்கில் பார்க்கக் கூடாது.

குட்டிகள் தின்றவுடன் வயிறு உருளுவது வழக்கம். ஆனால் எந்நேரமும் வயிறு வண்டி வைத்து, விலா மட்டும் துருத்திக்கொண்டிருந்தால் அது சதையல்ல, பெரும்பாலும் குடற்புழு. பூச்சி மருந்துக்கு மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

படி 3: தசை

பலர் விட்டுவிடும் படி இது. வயதான நாயில் கொழுப்பு கூடும் அதே நேரத்தில் தசை கரையும். வயிறு பெருத்திருப்பதைப் பார்த்து நல்ல உடம்பு என்று நினைத்துவிடுவோம். முதுகெலும்பின் இரு பக்கமும் விரல்களை ஓட்டுங்கள். தசை நிரம்பியிருந்தால் எலும்பின் முனை கையில் குத்தாது. தோள் எலும்பின் மேலும் தலையில் காதுகளுக்கு முன்னாலும் குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பின் தொடை இரண்டையும் ஒரே நேரத்தில் இரு கைகளால் பிடியுங்கள். ஒன்று மற்றதைவிட மெலிந்திருந்தால், அந்தக் காலில் நாய் பாரம் வைக்காமல் நடக்கிறது. கண்ணுக்கு நொண்டல் தெரியும் முன்பே கை அதைச் சொல்லிவிடும்.

படி 4: புள்ளியும் நிறையும்

மிருக வைத்தியர்கள் 1 முதல் 9 வரை புள்ளி போடுவார்கள். எட்ட நின்றே எலும்பெல்லாம் தெரிவது 1. விலாவும் இடுப்பெலும்பும் துருத்துவது 3. 4, 5 நல்ல நிலை. அழுத்தித் தேடினால்தான் விலா என்பது 7. இடுப்பே இல்லாமல் வயிறு தொங்குவது 9. 5க்கு மேல் ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறைய 10 வீத மிகை நிறை. ஜிம்மிக்கு அன்று 7.

நிறை பார்க்க, நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் தராசில் ஏறி, பிறகு நீங்கள் தனியே ஏறிக் கழித்துப் பாருங்கள். நாட்காட்டியில் திகதியோடு எழுதிவையுங்கள். ஊர் நாய்க்கு இத்தனை கிலோதான் சரி என்று எந்த அட்டவணையும் இல்லை. போன மாத இலக்கத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

படி 5: முரசு

மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். முரசு, அதாவது பல் ஈறு, ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் வெளிறும். எடுத்ததும் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். எங்கள் ஊர் நாய்கள் பலவற்றுக்கு முரசு கறுப்பு. அவற்றுக்குக் கீழிமையை மெதுவாக இழுத்து உட்பக்க நிறத்தைப் பாருங்கள்.

வெளிறியிருந்தால் இரத்தம் குறைந்திருக்கலாம். இங்கே முதலில் சந்தேகிக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல். காதின் உட்பக்கம், விரலிடுக்கு, கழுத்துப்பட்டியின் கீழ் உண்ணி தேடுங்கள். இன்னொரு காரணம் வெங்காயம். அது நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். சமைத்தாலும் நஞ்சு போவதில்லை. நம் குழம்பும் சொதியும் வெங்காயமில்லாமல் இல்லை. ஆகவே குழம்பில் பிசைந்த சோற்றை நாய்க்கு வைக்காதீர்கள். மீனை உப்பும் வெங்காயமும் இல்லாமல் தனியே அவித்து, முள் நீக்கிக் கொடுங்கள்.

படி 6: நடையும் மூச்சும்

காலை ஆறு மணிக்கு முன் இருபது நிமிடம் நடத்துங்கள். வைகாசிக் காண்டாவன வெயிலில் தார் வீதி பாதத்தைப் பொசுக்கிவிடும். உங்கள் புறங்கையை வீதியில் ஏழு நொடி வைக்க முடியவில்லை என்றால் நாயையும் அதில் நடத்தக் கூடாது. நாய் உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் மூச்சு இளைத்துத்தான் ஆற்றும் என்பதால், நடையில் நாக்கு வெளியே வருவது தவறல்ல. வீடு வந்து நிழலில் படுத்ததும் எவ்வளவு நேரத்தில் மூச்சு அடங்குகிறது என்பதைப் பாருங்கள். தேறிய நாய்க்குப் பத்து நிமிடம் போதும். ஒவ்வொரு நாளும் அதைவிட நீண்டால், அல்லது இருமல் வந்தால், உடம்பு தேறவில்லை. இருதயத்தையும் சோதிக்க வேண்டும்.

நாய் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒன்றாக வைத்து அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 30க்குக் கீழே இருக்க வேண்டும். படுத்திருந்து எழும்பும் விதத்தையும் கவனியுங்கள். முன்னங்காலால் உடம்பை இழுத்து எழும்புவதும், திண்ணைப் படியில் தயங்குவதும், ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் முயல் போலச் சேர்த்து வைப்பதும் மூட்டு வலியைக் காட்டுகின்றன.

பெரிய நாயின் வயிறு திடீரென உப்பி, வாந்தி வராமல் ஓங்காளித்தால் அளவெடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். இரைப்பை முறுகியிருக்கலாம். அந்த மணித்தியாலத்திலேயே வைத்தியரிடம் போக வேண்டும்.

கண்டறிந்த பிறகு

மெலிந்த நாய்க்கு உணவைக் கூட்டும் முன் புழுவையும் உண்ணியையும் தீர்த்துக்கொள்ளுங்கள். கொழுத்த நாயைப் பட்டினி போடாதீர்கள். வாரத்துக்கு உடல் நிறையில் 1 அல்லது 2 வீதம் இறங்கினால் போதும். சோற்றைக் கண்ணளவில் போடாமல் சுண்டால் அளந்து, அதில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துத் தொடங்குங்கள். மீன், முட்டையைக் குறைக்க வேண்டாம், தசை கரையும். கருத்தடைச் சத்திர சிகிச்சை செய்த நாய்க்கு முன்பு கொடுத்த அளவு இனி மிகை. ஜிம்மி 28 கிலோவுக்கு வர ஏழு மாதம் எடுத்தது.

இரண்டு வாரத்துக்கொரு தடவை படி 1ஐ மறுபடி செய்யுங்கள். ஆறு வாரமாகியும் தராசு அசையவில்லை என்றால், முதலில் வீட்டிலுள்ள எல்லோரையும், வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களையும் சேர்த்து, யார் என்ன கொடுக்கிறார்கள் என்று அன்பாகக் கேளுங்கள். ஒருவரும் கொடுக்கவில்லை என்று உறுதியானால், தைரொயிட் சுரப்பிக்கான இரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று மிருக வைத்தியரிடம் கேளுங்கள். நாட்காட்டியில் எழுதிய நிறைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.