கெம்பு செட்டில் கல் விழுந்தால்

கெம்பு என்னும் சிவப்புக் கல் பதித்த பரதநாட்டிய நகை செட்டுகளில் விழுவது பெரும்பாலும் அடியில் ரசம் பூசிய கண்ணாடிக் கல். மினுக்கெல்லாம் அந்த ரசத்தில்தான். அது கீறினாலோ உரிந்தாலோ கல் இருண்டுவிடும். பழைய செட்டில் ஓரிரு கல் மட்டும் கறுத்திருந்தால் அது அழுக்கல்ல. வியர்வையோ தண்ணீரோ ரசத்துக்குள் போயிருக்கிறது. துடைத்துப் பயனில்லை, கல்லையே மாற்றவேண்டும்.

விழுந்த கல் கிடைத்தால் அதையே கடைக்குக் கொண்டுபோங்கள். இல்லையென்றால் கல் இருந்த குழியின் உள்வாயை வெர்னியர் அளவுகோலில் அளந்து, ஒரு மயிரளவு சிறிய கல்லாக வாங்குங்கள். கடையில் கல்லின் அளவை எஸ்எஸ் எண்ணில் சொல்வார்கள்: எஸ்எஸ் 16 ஏறத்தாழ 4 மி.மீ., எஸ்எஸ் 20 சுமார் 4.7 மி.மீ. அடி தட்டையா கூரா என்றும் பாருங்கள்: ஆழமில்லாத குழியில் கூர் அடிக் கல் துருத்திக்கொண்டு நிற்கும், முடியில் மாட்டும். சிவப்பைப் பகல் வெளிச்சத்தில் பக்கத்துக் கல்லோடு ஒப்பிட்டு வாங்குவது நல்லது.

குழியிலுள்ள பழைய பசையைக் குண்டூசியால் சுரண்டி எடுங்கள். அசிட்டோன் ஊற்றவேண்டாம், அக்கம்பக்கத்துக் கற்களின் ரசமும் போய்விடும்.

அவசரத்துக்கு எல்லோரும் சூப்பர் க்ளூவைத்தான் எடுப்பார்கள். அதன் ஆவி கல்லின்மேல் வெள்ளையாகப் படியும். காய்ந்தபின் அந்தப் பசை நொறுங்கும் தன்மையுள்ளது. ஜிமிக்கி ஆட ஆடக் கல் மறுபடி விழும். இரண்டு ட்யூபாக வரும் எபாக்ஸி பசைதான் சரி. இரண்டையும் சம அளவில் பிதுக்கி ஒரு நிமிடம் நன்றாகக் கலக்குங்கள். அளவு தவறினால் எத்தனை நாளானாலும் பிசுபிசுவென்றே இருக்கும்.

நகையைச் சாயவிடாமல் நிறுத்த ஒரு டம்ளர் அரிசி போதும். குழி மேல்நோக்கி இருக்கும்படி அதில் புதைத்து வையுங்கள். பல்குத்தும் குச்சியால் குழியின் மூன்றில் ஒரு பங்குக்குப் பசை வையுங்கள். அதிகமானால் ஓரத்தில் வழியும். இன்னொரு குச்சியின் நுனியில் துளி மெழுகு ஒட்டிக் கல்லை எடுத்து உட்காரவைத்து, நடுவில் மெதுவாக அழுத்துங்கள். வழிந்ததை ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிடுங்கள். மெதுவாக இறுகும் எபாக்ஸி என்றால் 24 மணி நேரம் தொடவேண்டாம்.

நாகர்கோவில் வடசேரியில் வெள்ளியில் செய்த அசல் கோயில் நகை உங்களிடம் இருந்தால் மட்டும் இதெல்லாம் வேண்டாம். அதன் வேலைப்பாடே வேறு, செய்தவரிடமே கொடுங்கள்.