கிரில் கணக்கில் நாம் கோட்டைவிடும் இடங்கள்

அண்டார்டிகக் கடலில், இறாலைப் போன்ற சிற்றுயிரான கிரில் எங்கே திரளாக இருக்கிறதோ, அங்கேதான் பிறந்து பெருகியது என்று நினைத்துவிடுகிறோம். மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

தெற்கு அட்லாண்டிக்கில் உள்ள தெற்கு ஜார்ஜியா தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள பென்குவின்களும் கடல்நாய்களும் கிரிலை நம்பித்தான் குஞ்சும் குட்டியும் வளர்க்கின்றன. ஆனால் அந்தக் கிரிலில் பெரும்பகுதி அங்கே பிறந்ததில்லை. அண்டார்டிகத் தீபகற்பத்தின் பக்கமிருந்து, ஸ்கோஷியா கடல் வழியாக நீரோட்டம் கொண்டுவந்து சேர்ப்பது அது. வரத்து குறைந்த வருடங்களில் தீவில் குஞ்சுகள் பசியில் சாகின்றன. அதற்கான காரணத்தைத் தீவைச் சுற்றி மட்டும் தேடினால் கிடைக்காது.

அடுத்தது, மேல்மட்டத்தில் வாழும் உயிருக்குக் கடலின் தரை எப்படி இருந்தால் என்ன என்று விட்டுவிடுவது. கிரில் இடும் முட்டை மிதக்காது. பல நூறு மீட்டர் ஆழத்துக்கு மூழ்கிக்கொண்டே வளரும். கரையோரத் திட்டில் ஆழம் போதாவிட்டால், பொரிக்கும் முன்பே தரையைத் தொட்டு அங்குள்ள உயிர்களுக்கு இரையாகிவிடலாம். ஆழமான இடத்திலோ, மேல்நீரைவிடச் சற்றே வெதுவெதுப்பான ஆழ்நீரோட்டம் முட்டையைச் சீக்கிரம் பொரிக்கவைக்கிறது. குஞ்சு மேலே வந்து சேரும்வரை எதுவும் உண்பதில்லை. முட்டையிலிருந்து கொண்டுவந்த சத்துதான் மொத்த வழிச்சோறும். அதனால் எந்த ஆழத்தில் பொரிக்கிறது என்பதே அதற்கு வாழ்வா சாவா என்ற கேள்வி.

அண்டார்டிகத் தீபகற்பத்தின் மேற்குக் கரையோரம் உள்ள பாமர் டீப் என்ற கடலடிப் பள்ளத்தாக்கின் பக்கம் அடேலி பென்குவின்கள் காலங்காலமாக இரை தேடுகின்றன. பள்ளத்திலிருந்து சத்து மேலேறி அங்கேயே உணவு விளைகிறது என்பதுதான் பழைய விளக்கம். அப்புறம் வந்த ஆய்வுகள், பள்ளத்தின் மேல் நீருக்கடியில் சுழலும் ஒரு சுழல், வேறிடத்திலிருந்து வருவதைப் பிடித்துவைக்கிறது என்று காட்டின. விளைநிலம் வேறு, களஞ்சியம் வேறு.

சரி, அப்படியானால் கிரில் வெறும் மிதவைதானா? அதுவும் தவறு. பெரும்பாலும் பகலில் ஆழத்துக்கு இறங்கி, இரவில் மேலே வருகிறது. ஒவ்வொரு ஆழத்திலும் ஓட்டத்தின் வேகமும் திசையும் வேறு. எனவே ஒரு கூட்டம் எங்கே போய்ச் சேரும் என்பதில் அதன் ஏற்ற இறக்கத்துக்கும் பங்குண்டு.

கிரிலைப் பிடிக்கும் கப்பல்களின் கணக்கிலும் இதே சிக்கல்தான். தென்மேற்கு அட்லாண்டிக் பகுதிக்கான கிரில் பிடிப்பு வரம்பு ஆண்டுக்கு 6,20,000 டன். அதைச் சிறு பகுதிகளுக்குப் பங்கிட்ட விதி 2024இல் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. 2025இல் வரம்பு முழுவதும் எட்டப்பட்டு, பருவம் முடியும் முன்பே மீன்பிடி நிறுத்தப்பட்டது. மொத்தக் கிரிலோடு ஒப்பிட்டால் இந்த அளவு சிறிது என்பார்கள். தீபகற்பத்தை ஒட்டிய ஒரே நீரிணையில் கப்பல்கள் குவியும்போது, அந்த ஒப்பீடு அங்குள்ள பென்குவினுக்குச் சோறு போடாது.