சாத்துக்குடி ஸ்குவாஷ் மறுநாள் கசந்த கதை

காய்ச்சி இறக்கும்போது ருசி பார்த்தால் நன்றாக இருக்கும். மறுநாள் காலை பாட்டிலைத் திறந்தால் வேப்பங்கொழுந்து போலக் கசப்பு, வாசனையும் இல்லை. மூன்று முறை இப்படியே வீணானது.

முதலில் சர்க்கரையைக் கூட்டினேன். தித்திப்போடு கசப்பும் சேர்ந்து வந்தது. அலுமினியப் பாத்திரத்தை மாற்றி ஸ்டீலில் காய்ச்சினேன், பழக்கடையையும் மாற்றினேன். ம்ஹூம்.

காய்ச்சாமல் ஃப்ரிட்ஜில் மறந்துபோன ஒரு டம்ளர் சாறும் சாயங்காலம் லேசாகக் கசந்தது. அப்போதுதான் அடுப்பின் மேல் இருந்த சந்தேகம் போனது.

காரணம் லிமோனின் என்ற கசப்புப் பொருள். பழத்தில் அது கசப்பில்லாத வடிவத்தில் இருக்கிறது; பிழிந்தபின் சாற்றின் புளிப்பில் மெல்ல மாறித்தான் கசக்கிறது. சூடு அதை வேகப்படுத்தும். விதையிலும் வெள்ளைத் தோலிலும்தான் அது அதிகம். நானோ சுளைகளை விதையோடு மிக்ஸியில் அடித்துக்கொண்டிருந்தேன்!

இந்த முறை பழத்தைக் குறுக்கே வெட்டி, கைப்பிழிவானில் அழுத்தாமல் பிழிந்தேன். கடைசிச் சொட்டுக்கு ஆசைப்படவில்லை. உடனே வடிகட்டி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 85 டிகிரி வரை மட்டும் சூடாக்கி, ஐஸ் தண்ணீரில் ஆற வைத்தேன். வாசனைக்கு, பச்சைத் தோலின் மேல்பகுதியை மட்டும் துருவிக் கொஞ்சம் சர்க்கரையில் கசக்கி, ஆறிய சாற்றில் கலந்து வடித்தேன். தோலின் எண்ணெய்தான் மணம். சூட்டில் போட்டால் ஆவியோடு போய்விடும்.

இன்று ஐந்தாம் நாள். கசப்பு இல்லை.